புயலுக்கு மறுநாள் ரேடியோ ஏன் அவ்வளவு தெளிவா கேட்டுச்சு?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டிருக்கின்றன.)

வைஃபை ரௌட்டர் பத்திப் பேசின எபிசோடுக்கு நிறைய கேள்வி வந்தது. அதுல ஒண்ணு என்னை அப்படியே பிடிச்சு உட்கார வெச்சிடுச்சு. கந்தர்வக்கோட்டையில இருந்து ஒரு தம்பி, காலேஜ் செகண்ட் இயர், எழுதியிருந்தார்: "அண்ணா, எங்க வீட்ல கொடைக்கானல் எஃப்.எம். சில நாள் விடியக்காலையில கணீர்னு எடுக்கும். மத்தியானம் ஆச்சுன்னா வெறும் இரைச்சல்தான். திருச்சி ஏ.எம். மட்டும் பகல்ல எப்ப வெச்சாலும் கேட்கும், ஆனா கொரகொரன்னு கேட்கும். ரெண்டுமே ரேடியோதானே, ஏன் இப்படி?"

கேள்வி ரெண்டு வரி. பதில் முழு எபிசோடு. ஏன்னா இதுக்குப் பதில் சொல்லணும்னா மாடுலேஷன்னா என்னன்னு சொல்லணும். பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்துல 'பண்பேற்றம்'னு படிச்சிருப்பீங்க. மூணு படம், ஒரு வரையறை, அஞ்சு மார்க். அதோட மறந்திருப்பீங்க. தப்பில்ல, புத்தகம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தது.

கந்தர்வக்கோட்டை தெரியாதவங்களுக்கு: புதுக்கோட்டை மாவட்டம், தஞ்சாவூர்–புதுக்கோட்டை ரோட்ல இருக்கு. அதே ரோட்ல ஆதனக்கோட்டையில வறுத்த முந்திரி வாங்கியிருப்பீங்களே, அந்தப் பக்கம்தான். கொடைக்கானல் அங்கிருந்து நேர்கோட்டுல சுமார் 170 கி.மீ., திருச்சி சுமார் 40 கி.மீ. இந்த ரெண்டு தூரத்தையும் மனசுல வெச்சுக்கங்க.

முதல்ல, குரலை ஏன் அப்படியே காத்துல அனுப்ப முடியாதுங்கிறதைப் பார்ப்போம். நான் பேசுற குரல்ல இருக்கிற அதிர்வுகள் பெரும்பாலும் சில நூறு ஹெர்ட்ஸ்ல இருந்து மூணு, நாலு ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும்தான். இதை மைக்ல வாங்கி மின்சாரமா மாத்தி, அப்படியே ஆன்டெனாவுல விடணும்னு வைங்க. ஒரு ஆன்டெனா ஒழுங்கா வேலை செய்யணும்னா, பொதுவா அலைநீளத்துல கால்வாசி நீளமாவது வேணும். 1000 ஹெர்ட்ஸ் ரேடியோ அலையோட நீளம் 300 கி.மீ. கால்வாசின்னா 75 கி.மீ. உயரத்துக்குக் கம்பம் நடணும்! விமானம் பறக்கிற உயரமே பத்து, பன்னெண்டு கி.மீ.தான். சரி, எப்படியோ நட்டாச்சுன்னே வைங்க. எல்லா ஊர் ஸ்டேஷனும் ஒரே அலைவரிசையில கத்தும். பஸ் ஸ்டாண்டுல பத்து கண்டக்டர் ஒண்ணா ஊர் பேரைக் கூவுற மாதிரி.

அதனால குரலை வேற ஒரு வேகமான அலை மேல ஏத்தி அனுப்புறாங்க. அந்த அலைக்குப் பாடப்புத்தகம் வெச்ச பேர் ஊர்தி அலை. ரொம்பப் பொருத்தமான பேர். குரல் சரக்கு, அலை லாரி. திருச்சி வானொலியோட மீடியம் வேவ் அலைவரிசை 936 கிலோஹெர்ட்ஸ். அதோட அலைநீளம் 320 மீட்டர், கால்வாசி 80 மீட்டர். இது கட்டக்கூடிய கம்பம். கொடைக்கானல் எஃப்.எம். 100.5 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் 3 மீட்டர், கால்வாசி 75 செ.மீ. உங்க வீட்டு டிரான்ஸிஸ்டர்ல இழுத்து விடுற அந்தக் குச்சி ஆன்டெனாவும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். போன்ல எஃப்.எம். கேட்கணும்னா ஹெட்போன் ஒயரைச் சொருகச் சொன்னதும் இதனாலதான். அந்த ஒயர்தான் ஆன்டெனா.

இப்போ அடுத்த கேள்வி: லாரியில சரக்கை எப்படி ஏத்துறது? ஒரு அலையில மாத்தறதுக்கு மொத்தமே மூணு விஷயம்தான் இருக்கு. எவ்வளவு உயரம், எவ்வளவு வேகமா ஆடுது, எந்த இடத்துல இருந்து ஆட ஆரம்பிக்குது. வீச்சு, அதிர்வெண், கட்டம். உலகத்துல இருக்கிற அத்தனை மாடுலேஷனும் இந்த மூணுல ஒண்ணு, இல்லன்னா ஒண்ணு ரெண்டு சேர்ந்த கலவை.

ஏ.எம்.னா வீச்சை மாத்துறது. குரல் ஏறினா அலையோட உயரம் ஏறும், குரல் இறங்கினா இறங்கும். டார்ச் லைட்டோட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைச்சுச் சேதி சொல்ற மாதிரி. எஃப்.எம்.ல வெளிச்சம் மாறாது. டார்ச்சோட நிறம் மட்டும் கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் மஞ்சள்னு மாறிக்கிட்டே இருக்கும். குரல் சொல்றபடி அதிர்வெண் லேசா ஏறி இறங்கும்.

இப்போ இரைச்சல் எங்கிருந்து வருதுன்னு யோசிங்க. மின்னல், மோட்டார் போடுற தீப்பொறி, மட்டமான எல்.இ.டி. பல்புக்குள்ள இருக்கிற சர்க்யூட், செல்போன் சார்ஜர், பக்கத்து வயல் பம்ப்செட். இது எல்லாமே அலையோட உயரத்தைத்தான் கெடுக்கும். ஏ.எம்.ல சேதியே உயரத்துல இருக்கு. அதனால ரிசீவருக்கு எது பாட்டு, எது பல்புன்னு பிரிச்சுப் பார்க்க வழியே இல்ல, ரெண்டையும் சேர்த்தே ஸ்பீக்கருக்கு அனுப்பும். தம்பி கேட்ட அந்தக் கொரகொர இதுதான். எஃப்.எம். ரிசீவர் என்ன பண்ணும்னா, வந்த அலையோட தலையை ஒரே உயரத்துக்கு வெட்டி விட்டுடும். உயரத்துல சேதி எதுவும் இல்லையே, வெட்டினா என்ன நஷ்டம்?

அப்போ எஃப்.எம்.தான் பெஸ்ட், கதை முடிஞ்சதுன்னு தோணும். முடியல. அதுக்கு முன்னாடி 2018க்குப் போகணும்.

நவம்பர் 16, விடியறதுக்கு முன்னாடி, கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்து, உள்நாட்டுக்குள்ள புகுந்து புதுக்கோட்டை மாவட்டத்தையும் அடிச்சுப் போட்டது. டெல்டாவுல தென்னையெல்லாம் போச்சு, கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோட சாய்ஞ்சது. லட்சத்துக்கும் மேல மின்கம்பங்கள் விழுந்தது. நிறைய கிராமங்களுக்குக் கரண்ட் வர நாள் கணக்காச்சு, சில இடத்துல வாரக் கணக்காச்சு. செல்போன் டவருக்குப் பேட்டரி உண்டு, ஆனா அது சில மணி நேரத்துக்குத்தான். அப்புறம் டீசல் வேணும். டீசல் வரணும்னா ரோட்ல விழுந்த மரத்தை வெட்டணும். என் பெரியப்பா வீடு அந்தப் பக்கம்தான். மூணு நாள் அவரோட பேச முடியல. சென்னையில உட்கார்ந்து நாங்க போன் போட்டுக்கிட்டே இருந்தோம். நான் வேலை பார்க்கிறது பல கோடிப் பேர் உபயோகிக்கிற ஒரு ஆப்ல. அந்த மூணு நாள் அதனால எங்க குடும்பத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல.

அப்புறம் லைன் கிடைச்சதும் பெரியப்பா சொன்னதுல ஒரு விஷயம் மட்டும் எனக்கு மறக்கல. "டேய், பேட்டரி ரேடியோவை எடுத்துப் போட்டேன்டா. திருச்சி அவ்வளவு தெளிவா கேட்குது. வழக்கமா இருக்கிற அந்த உர்ருங்கிற சத்தமே இல்ல."

அவர் சொன்னது மனப்பிரமை இல்ல, அச்சு அசல் இயற்பியல். மாவட்டம் முழுக்கக் கரண்ட் போச்சுன்னா என்னெல்லாம் நிக்கும்? பம்ப்செட், மிக்ஸி, சார்ஜர், எல்.இ.டி. பல்பு, டிரான்ஸ்ஃபார்மர்ல பொறி பறக்கிற இன்சுலேட்டர், எல்லாம். ஏ.எம். ரேடியோவுக்கு எதிரியே அதுங்கதான். அத்தனை எதிரியும் ஒரே ராத்திரியில வாயை மூடிக்கிச்சு. புயல் அடிக்கும்போது மின்னல் இருந்தா படபடக்கும், வாஸ்தவம்தான். புயல் போனதுக்கப்புறம் காத்துல மிச்சம் இருக்கிறது கிட்டத்தட்ட ஸ்டேஷன் மட்டும்தான்.

இதுல இன்னொரு அழகு, ஏ.எம். ரிசீவரோட எளிமை. ஒரு காயில், ஒரு டயோடு, நீளமா ஒரு கம்பி, நல்ல எர்த், காதுல வைக்க ஒரு கிரிஸ்டல் இயர்போன். இவ்வளவு இருந்தா பேட்டரியே இல்லாம, பக்கத்துல இருக்கிற பெரிய ஸ்டேஷனைக் கேட்கலாம். அந்த அலையே கொண்டுவர்ற மின்சாரம் போதும். டயோடு அலையோட ஒரு பாதியை வெட்டும், மிச்சம் இருக்கிற உயரத்தோட ஏற்ற இறக்கம்தான் குரல். காலேஜ்ல இதை பிரெட்போர்டுல செஞ்சு, முதல் தடவை ஒரு செய்தி வாசிப்பாளரோட குரல் மெல்லிசா கேட்டப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. சோர்ஸே இல்லாத சர்க்யூட் பேசுது!

இங்கே ஒரு சண்டையைத் தீர்த்துடுறேன். "ஏ.எம். தூரம் போகும், எஃப்.எம். தூரம் போகாது"ன்னு எல்லாரும் சொல்வாங்க. இது பாதிதான் உண்மை. தூரத்தை முதல்ல தீர்மானிக்கிறது அதிர்வெண், மாடுலேஷன் இல்ல. 936 கிலோஹெர்ட்ஸ் மாதிரி நீளமான அலைகள் தரையை ஒட்டி, பூமி வளையறப்ப கூடவே வளைஞ்சு போகும். ராத்திரியில மேல அயனி மண்டலத்துல பட்டுத் திரும்பி இன்னும் தூரமா விழும். 100 மெகாஹெர்ட்ஸ் அப்படிப் போகாது, கிட்டத்தட்ட கண்ணுக்குத் தெரியற தூரம்தான். மீடியம் வேவ்ல ஏ.எம். இருக்கிறதால நாம ரெண்டையும் குழப்பிக்கிறோம்.

ஆதாரம் வேணுமா? திருச்சி ஏர்போர்ட்ல இறங்குற பைலட் டவரோட பேசுறது இன்னைக்கும் ஏ.எம்.லதான், அதுவும் எஃப்.எம். பேண்டுக்கும் மேல, 118 மெகாஹெர்ட்ஸைத் தாண்டி. ஏன் பழசையே வெச்சிருக்காங்க? எஃப்.எம்.ல ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா, பலமான சிக்னல் மட்டும் கேட்கும், மத்தது சுத்தமா அமுங்கிடும். பாட்டுக்கு நல்லது, ஏர்போர்ட்டுக்கு ஆபத்து. ஏ.எம்.ல ரெண்டும் கலந்து ஒரு கீச்சுன்னு கேட்கும். யாரோ இன்னொருத்தரும் பேசுறார்னாவது கண்ட்ரோலருக்குத் தெரியும். ஒருத்தருக்குக் குறை, இன்னொருத்தருக்கு உயிர்காப்பு.

சரி, கொடைக்கானலுக்கு வருவோம். அந்த ஸ்டேஷனோட பலமே மலைதான். கொடைக்கானல் கடல் மட்டத்துல இருந்து சுமார் 2100 மீட்டர். உயரத்துல இருந்து ரேடியோ அலை எவ்வளவு தூரம் எட்டும்னு பார்க்க ஒரு சுலபமான கணக்கு இருக்கு: மீட்டர்ல உயரத்தோட வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினா கிலோமீட்டர்ல விடை வரும். நம்ம பக்கத்துச் சமவெளியோட உயரத்தைக் கழிச்சு 2000 மீட்டர்னு போட்டா, சுமார் 184 கி.மீ. கந்தர்வக்கோட்டை இருக்கிறது 170ல. அதாவது வரம்புக்குள்ளதான், ஆனா விளிம்புல.

இங்கேதான் எஃப்.எம்.மோட குணம் வேலையைக் காட்டும். சிக்னல் ஒரு அளவுக்கு மேல இருந்தா சுத்தமா கேட்கும். அந்த அளவுக்குக் கீழ கொஞ்சம் இறங்கினாலும் சடார்னு இரைச்சல்ல மூழ்கிடும். ஏ.எம். மாதிரி கொஞ்சம் கொஞ்சமா மங்காது. விடியக்காலையில தரை குளிர்ந்திருக்கும், மேல இருக்கிற காத்து சூடா இருக்கும். அந்த அடுக்குல அலை லேசா கீழ வளையும், விளிம்பைத் தாண்டியும் வந்து விழும். வெயில் ஏறினா அந்த அடுக்கு கலைஞ்சிடும். சிக்னல் கொஞ்சம்தான் குறையும், ஆனா அந்தக் கொஞ்சமே கோட்டைத் தாண்டுறதுக்குப் போதும். தம்பி, உங்க ரேடியோவுல கோளாறு எதுவும் இல்ல. உங்க வீடு கோட்டு மேல இருக்கு.

எஃப்.எம். இந்தத் தெளிவை எதை வித்து வாங்குச்சு? இடத்தை. நம்ம ஊர் மீடியம் வேவ்ல ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் இடைவெளி 9 கிலோஹெர்ட்ஸ். 936ஐ 9ஆல் வகுத்துப் பாருங்க, மீதி இல்லாம 104 வரும். எஃப்.எம். ஸ்டேஷன் ஒண்ணுக்கு சுமார் 200 கிலோஹெர்ட்ஸ் வேணும். மொத்த மீடியம் வேவ் பேண்டையும் காலி பண்ணிக் கொடுத்தாலும் அஞ்சு எஃப்.எம். ஸ்டேஷன்தான் வைக்கலாம்.

அகலமாக்கினா இரைச்சல் குறையும்னு கண்டுபிடிச்சது எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங்ங்கிற அமெரிக்கர். அதுக்கு முன்னாடி, 1922லயே ஜான் கார்சன்னு ஒரு கணித மூளை, எஃப்.எம்.ல பெரிய லாபம் இல்லன்னு கணக்குப் போட்டுக் காட்டிட்டார். கணக்கு சரிதான். ஆனா அவர் பார்த்தது எஃப்.எம்.ஐக் குறுக்கி இடத்தை மிச்சம் பிடிக்க முடியுமான்னு. ஆர்ம்ஸ்ட்ராங் அதை அப்படியே திருப்பிப் போட்டு, குறுக்காதே, விரின்னு 1933ல காப்புரிமை வாங்கினார். அப்புறம் 1945ல அமெரிக்க அரசு எஃப்.எம். பேண்டை இப்ப இருக்கிற 88–108க்கு மாத்தினப்ப, அதுவரைக்கும் வித்த ரிசீவர் எல்லாம் ஒரே உத்தரவுல குப்பையாச்சு. பெரிய கம்பெனிகளோட பல வருஷம் வழக்கு நடத்தி, நொடிச்சுப்போய், 1954ல தன் உயிரைத் தானே மாய்ச்சுக்கிட்டார். நிலுவையில இருந்த வழக்குகளை அவர் மனைவி மேரியன் நடத்தி, கடைசி வழக்கு வரைக்கும் ஜெயிச்சாங்க. இந்தியாவுல எஃப்.எம். ஒலிபரப்பு முதல்ல வந்தது நம்ம சென்னைக்குத்தான், 1977 ஜூலை 23.

இப்போ உங்க கையில இருக்கிற போன். அதுல சேதி ஒண்ணு, பூஜ்யம். அதை ஏத்துறதுக்கு வீச்சையும் கட்டத்தையும் சேர்த்தே மாத்துறாங்க. இதைப் புரிஞ்சுக்க நம்ம வாசல் போதும். புள்ளிக் கோலம் நினைச்சுக்கங்க, நேர்ப்புள்ளி. 4 புள்ளி வெச்சா, எந்தப் புள்ளின்னு சொல்றதுலயே 2 பிட் சேதி போயிடும். 16 புள்ளின்னா 4 பிட். 8 வரிசையில 8 புள்ளி, மொத்தம் 64 வெச்சா 6 பிட். 256 புள்ளி வரைக்கும் இப்ப சாதாரணமா வைக்கிறாங்க. ஆனா வாசல் அதே அளவுதான், டிரான்ஸ்மிட்டரோட பவர் அதுக்கு மேல இல்ல. புள்ளி கூடக் கூட நெருக்கமாகும். தூறல் விழுந்து மாவு கொஞ்சம் கலைஞ்சா, 4 புள்ளிக் கோலத்துல எது எந்தப் புள்ளின்னு இன்னும் தெரியும். 256ல தெரியாது.

டவருக்குப் பக்கத்துல நின்னா உங்க போனும் டவரும் பேசி வெச்சுக்கிட்டு 256 புள்ளிக்கு ஏறும். தள்ளிப் போகப் போக 64, 16, கடைசியில 4. இது ஒரு செகண்டுக்குள்ள பல தடவை நடக்கும். நாலு கட்டை சிக்னல் இருந்தும் வீடியோ சுத்துதுன்னா, கூட்டம் ஒரு காரணமா இருக்கலாம். பல நேரம் இரைச்சல்ல புள்ளி கலைஞ்சு, போன் சின்னக் கோலத்துக்கு இறங்கியிருக்கும். 4 புள்ளியும் தெரியாத இடத்துல என்ன ஆகும்? ஒண்ணுமே வராது. பாதி கேட்கிறது, ஊகிச்சுக்கிறதுங்கிற கதையே டிஜிட்டல்ல கிடையாது.

பெரியப்பா மாதிரி ஆட்களுக்கு இதுலதான் விஷயமே இருக்கு. ஏ.எம்.ல நூறு வார்த்தையில அறுபது கேட்டாலும் "பள்ளிக்கூடத்துல முகாம், குடிதண்ணி லாரி"ன்னு மனுஷ மூளை நிரப்பிக்கும்.

ஏ.எம்.ஐக் கண்மூடித்தனமா தூக்கிப் பிடிக்க மாட்டேன். அது பயங்கர ஊதாரி. முழு அளவுக்கு மாடுலேட் பண்ணும்போதும், மூணுல ரெண்டு பங்கு பவர் வெறும் ஊர்தி அலைக்கே போகும். அதுல சேதி துளி கூட இல்ல. ரெண்டு பக்கமும் இருக்கிற பட்டைகள்ல ஒரே சேதிதான் ரெண்டு தடவை போகுது. காலி லாரியோட டீசல் செலவு. ஹாம் ரேடியோக்காரங்க இதைப் பார்த்துட்டு, ஊர்தி அலையையும் ஒரு பக்கத்தையும் கழட்டிவிட்டு, ஒத்தைப் பக்கத்தை மட்டும் அனுப்புவாங்க, சிங்கிள் சைட்பேண்ட். 2004 டிசம்பர்ல, சுனாமி வந்தப்ப, பாரதி பிரசாத் தலைமையில ஒரு ஹாம் குழு தற்செயலா அந்தமான்ல முகாம் போட்டிருந்தது. தீவுகளோட தொடர்பு அறுந்துபோன நேரத்துல அவங்கதான் போர்ட் பிளேர்ல இருந்து மெயின்லேண்டுக்குச் சேதி கடத்தினாங்க. கொஞ்சம் வாட்ஸ்ல கடலைத் தாண்டுற வித்தை அது. ஆனா அதைக் கேட்க நல்ல ரிசீவரும் பழகின கையும் வேணும். நம்ம வீட்டு டிரான்ஸிஸ்டர்ல போட்டா வாத்து கத்துற மாதிரிதான் இருக்கும்.

மின்சாரச் செலவு, பழைய கருவி, கேட்கிறவங்க குறைஞ்சது, இப்படிப் பல காரணத்தால ஆகாசவாணி சமீப வருஷங்கள்ல நாடு முழுக்க நிறைய மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களை மூடியிருக்கு. இன்ஜினியரா பார்த்தா அந்தக் கணக்கு எனக்குப் புரியுது. முப்பதுக்கும் மேல டிரான்ஸ்மிட்டர்களை டி.ஆர்.எம்.ங்கிற டிஜிட்டல் முறைக்கும் மாத்தினாங்க. ஒலி சுத்தம், பவர் மிச்சம், எல்லாம் நல்லதுதான். ஆனா அதைக் கேட்கிற ரேடியோ எத்தனை வீட்ல இருக்கு? உங்க தெருவுல ஒண்ணு காட்டுங்க. புயல் நாள்ல ஒரு டிரான்ஸ்மிட்டரோட மதிப்பு, அன்னைக்கு எத்தனை ரிசீவர் உயிரோட இருக்குங்கிறதுதான். இதை எந்தச் செலவுக் கணக்குல எழுதுறாங்கன்னு கேட்கணும்.

மத்திய அரசு 2023 ஏப்ரல்ல போன் கம்பெனிகளுக்கு ஒரு அறிவுரை அனுப்புச்சு: போன்ல எஃப்.எம். வசதி இருந்தா அதை முடக்காதீங்க, பேரிடர் நேரத்துல உதவும்னு. சரியான பேச்சு. ஆனா ஹெட்போன் ஓட்டையையே எடுத்துட்டாங்களே, ஆன்டெனாவுக்கு எங்கே போறது?

கந்தர்வக்கோட்டைத் தம்பிக்கு ஒரு வீட்டுப்பாடம். அடுத்த தடவை பகல்ல கரண்ட் போனா, பேட்டரி ரேடியோவை மீடியம் வேவ்ல 936க்குத் திருப்பி வெச்சுக் கேளுங்க. கரண்ட் வந்ததும் வீட்ல ஒவ்வொரு சுவிட்சா போட்டுப் பாருங்க, எந்தப் பல்பு கத்துதுன்னு தெரியும். ரேடியோவைக் கிடைமட்டமா மெதுவா சுத்தியும் பாருங்க. உள்ள இருக்கிற ஃபெரைட் குச்சிக்குத் திசை உண்டு, ஒரு கோணத்துல ஸ்டேஷன் ஏறும், ஒரு கோணத்துல அமுங்கும். ரிசல்ட்டை எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, பின்னணியில ரேடியோ ஓடட்டும். அடுத்த எபிசோட்ல போட்டுக் காட்டுறேன்.